ஹைடல்பெர்க்ல சிவப்புக் கல்லு, நெக்கர் கரையில கிளிஞ்சல் கல்லு, ஸ்டுட்கார்ட்ல களிமண்ணு: மூணுமே டிரயாசிக்னா எப்படி?

நெக்கர்கரையான்:

எல்லாருக்கும் வணக்கம். ஜியாலஜி எனக்கு சுத்தமா தெரியாது, ஐடி வேலை, ஹைல்ப்ரான் பக்கம் குடியிருக்கேன். கேள்வி சின்னப்புள்ளத்தனமா இருந்தா திட்டாம பதில் சொல்லுங்க.

நெக்கர் ஆத்தை ஒட்டி ஹைடல்பெர்க்ல இருந்து ஸ்டுட்கார்ட் வரைக்கும் சுமாரா நூத்தம்பது கிலோமீட்டர் தான் இருக்கும், அதுக்குள்ள கல்லு மூணு விதமா மாறுது. ஹைடல்பெர்க் கோட்டை முழுக்க சிவப்பு மணல்கல்லு. ஹெஸிக்ஹைம் கிட்ட ஆத்துக்கு மேல சாம்பல் நிற சுண்ணாம்புக்கல் பாறை செங்குத்தா நிக்குது, அங்க திராட்சைத் தோட்டத்துக்கு அடுக்கி வச்சிருக்கற கல் சுவர்லயே கிளிஞ்சல் கிளிஞ்சலா தெரியும். ஸ்டுட்கார்ட் மலைச்சரிவுக்குப் போனா சிவப்பும் ஊதாவும் பச்சையும் கலந்த களிமண்ணு. ஆனா மியூசியத்துல பாத்தா மூணுக்கும் டிரயாசிக்ங்கற ஒரே பழைய காலத்துப் பேரு தான் போர்டுல.

மணல்கல்லு பாலைவனம்ங்கறாங்க, சுண்ணாம்புக்கல்லு கடல்ங்கறாங்க, களிமண்ல டைனோசர் கிடைச்சுதுங்கறாங்க. ஒரே இடம் எப்படிங்க இத்தனை வேஷம் போட்டுச்சு? இன்னொண்ணு, அந்தக் கிளிஞ்சல் கல்லை உத்துப் பாத்தா ஒரே சாதிக் கிளிஞ்சல் தான் ஆயிரக்கணக்குல கிடக்கு, வகைன்னு எண்ணினா ரொம்பக் கம்மி. பவளம் ஒண்ணு கூட கண்ணுல படல. வெயில் அடிக்கற ஆழமில்லாத கடல்னா பவளம் இருந்திருக்கணும்ல? எங்க ஊருக்கு அடியில உப்புச் சுரங்கம் வேற ஓடுது, அந்த உப்பும் இதே கடலோடது தானா, தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா எழுதுங்களேன்.

கல்லுளிமங்கன்:

தம்பி, நல்லா பாத்திருக்கீங்க, இதுல திட்டறதுக்கு ஒண்ணுமில்ல.

முதல்ல நீங்க ஆத்தோட போகும்போது இடம் மட்டும் மாறல, காலமும் மாறுது. ரைன் பள்ளத்தாக்கு ஒரு அஞ்சு கோடி வருஷத்துக்கு முன்னாடி பிளந்து இறங்க ஆரம்பிச்சப்போ ரெண்டு பக்கத்து விளிம்பும் மேல தூக்கிக்கிச்சு, ஓடன்வால்ட், ஷ்வார்ட்ஸ்வால்ட் மலைங்க அப்படி எழும்பினது தான். அதனால அடுக்கு எல்லாம் தென்கிழக்குப் பக்கமா லேசா சாய்ஞ்சு கிடக்கு. ஹைடல்பெர்க்ல அடி அடுக்கு வெளிய நிக்குது, நீங்க இந்தப் பக்கம் வர வர அது மண்ணுக்குள்ள இறங்கிப் போயிடுது, அதுக்கு மேல இருந்த அடுக்கு உங்க கண்ணு மட்டத்துக்கு வந்துடுது. ஹைல்ப்ரான்ல உங்க வீட்டுக்கு அடியில தோண்டிக்கிட்டே போனா சுண்ணாம்புக்கல்லைத் தாண்டி அந்த சிவப்புக் கல்லும் கிடைக்கும். ஸ்டுட்கார்ட்டையும் தாண்டி ஷ்வேபிஷ் ஆல்ப் மலைக்குப் போயிட்டீங்கன்னா டிரயாசிக் முடிஞ்சு ஜுராசிக் வந்துடும்.

இந்த மூணையும் ஒரே தொகுதியா சேர்த்து 1834ல டிரயாஸ்னு பேர் வச்சதே உங்க வட்டாரத்து ஆளு தான், ஃப்ரீட்ரிக் ஃபான் ஆல்பெர்ட்டி. வ்யூர்ட்டம்பெர்க்ல உப்பு ஆலை, உப்புச் சுரங்கம் பாத்துக்கற அதிகாரி. உப்பு எங்க கிடக்குன்னு துளை போட்டுத் தேடறது பொழப்பா இருந்ததால எந்த அடுக்குக்குக் கீழ எது வரும்னு அவருக்கு அத்துப்படி. கீழ புன்ட்சாண்ட்ஸ்டைன், அதான் சிவப்பு மணல்கல்லு. நடுவுல முஷெல்கால்க், உங்க கிளிஞ்சல் சுண்ணாம்பு. மேல கொய்பர், அந்தக் கலர் களிமண்ணு. இன்னிக்கு உலகம் முழுக்க 25.2 கோடி வருஷத்துல இருந்து 20.1 கோடி வருஷம் வரைக்கும் உள்ள காலத்துக்கு டிரயாசிக்னு தான் பேரு, சீனாவுல தென் ஆப்பிரிக்காவுல எல்லாம் இந்த மூணு அடுக்கு வரிசையே கிடையாது, ஆனாலும் ஆல்பெர்ட்டி வச்ச பேரு தான் ஓடுது.

இப்போ மெயின் மேட்டர். இங்கிலாந்துப் பக்கத்துல ஆரம்பிச்சு வடகடல், ஜெர்மனி வழியா போலந்து வரைக்கும் ஒரு பெரிய படுகை. டிரயாசிக்குக்கு முந்தின பெர்மியன் காலத்துலயே தரை இறங்க ஆரம்பிச்சுது, டிரயாசிக் முழுக்க மெதுவா இறங்கிக்கிட்டே இருந்துச்சு. தரை இறங்கிட்டே இருந்தா வர்ற மண்ணும் தங்கும், வர்ற தண்ணியும் தங்கும். எது வருதுங்கறது தான் மாறுச்சு. முதல்ல தெற்கு, தென்மேற்கு மேட்டு நிலத்துல இருந்து ஆறுகள் மணலை அள்ளிட்டு வந்து கொட்டுச்சு. அதனால பாலைவனம்ங்கறது பாதி தான் சரி, காத்து சேர்த்த மணல் மேடும் உண்டு, ஆனா பெரும்பாலும் பின்னி பின்னிப் போற ஆறுகள் கொண்டு வந்த மணல், வடக்க போகப் போக அது வத்தி வத்தி நிரம்பற உப்பு ஏரிகள்ல போய் முடிஞ்சுது. வறண்ட நாடு, மழை எப்பவாவது பெஞ்சா மொத்தமா பெய்யும். இரும்புத் துரு ஏறினதால சிவப்பு.

அப்புறம் கடல். படுகைக்குத் தெற்க டெத்திஸ்னு பெருங்கடல் இருந்துச்சு, ரெண்டுக்கும் நடுவுல மேட்டு நிலம். அந்த மேட்டுல சில இடத்துல மட்டும் இடைவெளி, கிழக்க கார்பாத்தியன் பக்கம் ஒண்ணு, சைலீசியா மொராவியா பக்கம் ஒண்ணு, மேற்க பர்கண்டிப் பக்கம் ஒண்ணு. ஜியாலஜிக்காரங்க இதை வாசல்னே சொல்லுவாங்க. முஷெல்கால்க் ஆரம்பத்துல கிழக்கு வாசல் வழியா தண்ணி உள்ள வந்துச்சு, பின்னாடி கிழக்கு அடைஞ்சு மேற்கு வாசல் பெருசாச்சு. நீங்க கேட்ட அத்தனை கேள்விக்கும் பதில் இந்த வாசல் தான்.

உப்பை எடுத்துக்கங்க. முஷெல்கால்க்ல கீழ், நடு, மேல்னு மூணு பகுதி, உங்க ஊரு உப்பு நடுப்பகுதியோடது, ஏறக்குறைய 200 மீட்டர் ஆழத்துல கிடக்கு, சில இடத்துல பல பத்து மீட்டர் கனம். கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு கன மீட்டர் கடல் தண்ணியில 35 கிலோ உப்பு. ஆயிரம் மீட்டர் ஆழக் கடலை அப்படியே வத்த விட்டா கூட அடியில ஒரு பதினஞ்சு மீட்டர் உப்பு தான் மிஞ்சும். முஷெல்கால்க் கடலோ பெரும்பாலும் சில பத்து மீட்டர் ஆழம் தான். அப்போ இவ்வளவு உப்பு எங்கிருந்து வந்துச்சு? ஒரு தடவை வத்தி வந்ததில்ல. வாசல் குறுகிப் போச்சு, ஆனா முழுசா மூடல. உப்பளத்துல பாத்திக்கு மடை திறந்து கொஞ்சம் கொஞ்சமா தண்ணி விடுவாங்கல்ல, அந்த மாதிரி வெளிய இருந்து தண்ணி வந்துட்டே இருந்துச்சு, வெயில் குடிச்சுட்டே இருந்துச்சு, உப்பு மட்டும் உள்ள தங்கிடுச்சு. அடுக்கு வரிசையும் அப்படியே பொருந்துது, முதல்ல சுண்ணாம்பு, தண்ணி நாலுல அஞ்சுல ஒரு பங்கா சுண்டினதும் ஜிப்சம், பத்துல ஒரு பங்காகும் போது தான் சோத்து உப்பு.

வகை கம்மியா இருக்கறதுக்கும் வாசலைத் தான் காரணம் சொல்லணும். உள்ள வந்த தண்ணியோட உப்பளவு நிலையா இருக்காது, ஒரு காலம் கூடும், ஒரு காலம் குறையும். தாக்குப்பிடிக்கற ஆளு மட்டும் தான் உள்ள இருப்பான், ஆனா போட்டி இல்லாததால கோடிக்கணக்குல பெருகிடுவான். நீங்க பாத்த ஒரே சாதிக் கிளிஞ்சல் அனேகமா கோனோதைரிஸ் வல்காரிஸ், பாத்தா சிப்பி மாதிரி தெரியும், ஆனா அது பிராக்கியோபாடுங்கற வேற இனம். மேல் முஷெல்கால்க்ல அது ஒரு சாண் கனத்துக்குக் கூட வேற எதுவுமே கலக்காம மொத்தமா குவிஞ்சு கிடக்கும், அந்த அடுக்கை வச்சே ஒரு குவாரியில இருந்து இன்னொரு குவாரிக்கு மட்டம் பிடிப்பாங்க. பவளம் சுத்தமா இல்லைன்னு சொல்ல முடியாது, போலந்துல மேல் சைலீசியாவுல, அதாவது வாசலுக்குப் பக்கத்துலயே, கடற்பஞ்சும் பவளமும் சேர்ந்து கட்டின சின்ன திட்டு உண்டு. வாசல்ல இருந்து தள்ளி உங்க பக்கம் வர வர அது காணாமப் போயிடுது.

எனக்குப் பிடிச்ச உதாரணம் செராட்டைட்ஸ். அம்மோனைட்டுன்னு கணவாய் வகையறாவுல அழிஞ்சு போன கடல் உயிர் உண்டு, அதோட பழைய சொந்தக்காரன், சுருண்ட ஓடு. ஓட்டுக்குள்ள அறைச் சுவர் சேர்ற கோடு இருக்குல்ல, அது ஒரு பக்கம் வழவழன்னு வளைவா இருக்கும், மறுபக்க வளைவுல மட்டும் பல்லு பல்லா இருக்கும், இதை ஒரு தடவை பாத்துட்டா அப்புறம் எங்க பாத்தாலும் தெரிஞ்சுடும். இவனோட மூதாதை டெத்திஸ்ல இருந்து வாசல் வழியா உள்ள வந்தான், உள்ளயே தங்கி தனியா மாற ஆரம்பிச்சுட்டான். கீழ அடுக்குல சின்ன ஓடு, மேல போகப் போக பெருசாகி, முண்டு முண்டா நோடோசஸ் வரும், கடைசியில முண்டெல்லாம் குறைஞ்சு தட்டையா பெரிய செமிபார்ட்டிட்டஸ். எந்த செராட்டைட்ஸ் கையில இருக்குன்னு சொன்னா மேல் முஷெல்கால்க்ல எந்த மட்டத்துல நிக்கறீங்கன்னு சொல்லிடலாம். ஆனா ஒரு தொல்லை, இவன் வெளிய எங்கேயும் கிட்டத்தட்ட கிடையாது, அதனால ஆல்ப்ஸ் மலைப் பாறையோட காலத்தை ஒப்பிடணும்னா இவனை வச்சு நேரா ஒண்ணும் பண்ண முடியாது, அதுக்கு கோனோடான்ட்னு கண்ணுக்குத் தெரியாத பல்லு, பூந்தாது இதையெல்லாம் தேடிப் போகணும்.

மணல்மேடு:

மங்கன் அண்ணே, விளக்கம் சூப்பர், ஆனா ஒரு இடத்துல இடிக்குது. 25.2 கோடி வருஷம் முன்னாடி பெர்மியன் முடிவுல பேரழிவு நடந்து கடல் உயிர்ல பெரும்பகுதி காலியாகிப் போச்சே, முஷெல்கால்க் அதுக்கு அப்புறம் வந்தது தானே. வகை கம்மியா இருக்கறதுக்கு அது காரணமா இருக்கலாமே, எல்லாத்தையும் வாசல் தலையிலயே கட்டறீங்க?

கல்லுளிமங்கன்:

நல்ல கேள்வி மேடு. பேரழிவோட தாக்கம் இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன், புன்ட்சாண்ட்ஸ்டைன் அடியில அது நல்லாவே தெரியும். ஆனா முஷெல்கால்க் கடல் வர்றதுக்குள்ள அழிவு முடிஞ்சு ஒரு அம்பது லட்சம் வருஷம் ஓடிப் போச்சு. அதே காலத்துல, வாசலுக்கு வெளிய, இப்போ இத்தாலி ஆல்ப்ஸா நிக்கற டெத்திஸ் பக்கம் பாருங்க, அங்க வகை வகையா அம்மோனைட்டு இருக்கு, திட்டு கட்டற உயிர் திரும்பி வந்தாச்சு. அழிவு தான் காரணம்னா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வறுமையா இருக்கணும், அப்படி இல்லையே.

இன்னொரு சாட்சி கடல் அல்லி. பேரு தான் அல்லி, நட்சத்திர மீன் வகையறா விலங்கு, காம்பு மாதிரி தண்டு ஊன்றி நிக்கும். அந்த இனத்துக்கு உப்பளவு கொஞ்சம் மாறினாலும் ஆகாது. மேல் முஷெல்கால்க் அடிப்பகுதியில என்க்ரைனஸ் லிலிஃபார்மிஸ்ங்கற கடல் அல்லி காடு மாதிரி வளர்ந்திருக்கு, க்ரைல்ஸ்ஹைம் பக்கத்துக் கல்லுல அதோட தண்டு உடைஞ்ச வில்லைங்களை விட்டா வேற ஒண்ணுமே கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு. வாசல் நல்லா திறந்து நல்ல கடல் தண்ணி வந்த உடனே அது வந்து குடியேறிடுச்சு. அதுக்குக் கீழ உப்பு, மேல அல்லி. அழிவுல இருந்து மீண்டு வர்ற கதையா இருந்தா இப்படி வந்து போய் வந்து போய் இருக்காது.

வோஜ்_மலையான்:

நான் ஸ்ட்ராஸ்பூர்ல இருக்கேன், ரைனுக்கு இந்தப் பக்கம். இதே படுகை தான், இதே அடுக்கு தான், எல்லைக்கோடு மட்டும் நடுவுல. இங்க பேராலயம் கட்டினது முழுக்க வோஜ் மலை மணல்கல்லு, அதான் அந்த ரோஸ் நிறம். 142 மீட்டர் உயரக் கோபுரம், 1647ல இருந்து 1874 வரைக்கும் உலகத்துலயே உயரமான கட்டடமா இருந்துச்சு, அத்தனையும் டிரயாசிக் ஆத்து மணல் தாங்கி நிக்குது.

இதுல ஒரு துணைக்கதை. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல அந்தப் பேராலயத்துக் கண்ணாடி ஓவியங்களைக் கழட்டி எடுத்து, கடைசியில அது போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா, நம்ம நெக்கர்கரையான் ஊரு உப்புச் சுரங்கம். காத்துல ஈரம் இல்ல, குண்டு போட்டாலும் எட்டாது. போர் முடிஞ்சு அமெரிக்க ராணுவத்தோட கலைப்பொருள் மீட்புப் பிரிவு ஆட்கள் கண்டுபிடிச்சு 1945லயே திருப்பி அனுப்பிட்டாங்க. புன்ட்சாண்ட்ஸ்டைன் சுவரோட கண்ணாடி போர் முடியற வரைக்கும் முஷெல்கால்க் உப்புக்குள்ள பத்திரமா இருந்திருக்கு.

அப்புறம் சிவப்பு மணல்கல்லுல உயிர் இல்லைன்னு யாரும் நினைச்சுடாதீங்க. எங்க பக்கம் அதோட மேல் மட்டத்துல க்ரே ஆ வோல்ட்ஸியான்னு ஒரு அடுக்கு, கடல் வர்றதுக்குச் சற்று முன்னாடி இருந்த டெல்டா. சிற்பம் செதுக்கற அளவுக்கு நைசான கல்லு, குவாரிக்காரங்க அதுக்காகத் தான் வெட்டுவாங்க. மணலுக்கு நடுவுல நடுவுல களிமண் வில்லை வரும், சின்னக் குட்டைங்க வத்திப் போன இடம். அந்த வில்லையைப் பிளந்தா வோல்ட்ஸியா மரக் கிளை, பூச்சி, தேள், சிலந்தி, குதிரைலாட நண்டு, மீன் முட்டை, ஜெல்லிமீனு வரைக்கும் இருக்கு. எலும்பே இல்லாத ஜெல்லிமீனு கல்லுல பதியணும்னா எவ்வளவு அமைதியான தண்ணியா இருந்திருக்கணும்! க்ரோவோஜெல்னு ஒருத்தர் வருஷக்கணக்கா குவாரி குவாரியா போய் சேர்த்தாரு, ழான் கிளோத் கால் அதை வச்சு அந்த டெல்டா எப்படி இயங்குச்சுன்னு ஆராய்ச்சி பண்ணாரு.

நெக்கர்கரையான்:

ஐயோ, நான் தினமும் அந்த உப்புச் சுரங்கத்தைத் தாண்டித் தான் வேலைக்குப் போறேன், இது தெரியவே தெரியாது! ரொம்ப நன்றிங்க. ஒரு சந்தேகம், மியூசியத்துல சிவப்புக் கல்லுல மனுஷன் கை வச்ச மாதிரி ஒரு தடம் பாத்தேன், ஆனா கட்டை விரல் வெளிப்பக்கம் இருந்துச்சு. அது என்ன?

கல்லுளிமங்கன்:

கைரோதீரியம். அந்த ஒரு தடம் நூறு வருஷம் எல்லாரையும் சுத்தல்ல விட்டுச்சு. 1834 வாக்குல துரிங்கியாவுல ஹில்ட்பூர்க்ஹௌஸன் பக்கத்து மணல்கல் குவாரியில கிடைச்சுது. தடம் குழியா இருக்காது, கல் பலகையோட அடிப்பக்கத்துல புடைச்சுக்கிட்டு இருக்கும், ஏன்னா ஈரக் களிமண்ல மிதிச்ச குழியில அடுத்த வெள்ளத்து மணல் வந்து நிரம்பி அந்த மணல் தான் கல்லாச்சு. அதே பலகையில வலை மாதிரி கோடு ஓடும் பாருங்க, அது வெயில்ல களிமண் வெடிச்ச வெடிப்பு, அதுக்குள்ளயும் மணல் நிரம்பினது. மிதிச்சிருக்கு, காஞ்சிருக்கு, வெடிச்சிருக்கு, திரும்ப வெள்ளம் வந்திருக்கு, எல்லாம் ஒரே பலகையில படிக்கலாம்.

1835ல காவுப் அதுக்குப் பேர் வச்சாரு. குரங்குன்னாங்க, கரடின்னாங்க, கங்காரு மாதிரி பையுள்ள விலங்குன்னாங்க. கட்டை விரல் வெளிய இருக்கறதை சமாளிக்க, இது ஒரு ராட்சசத் தவளை, காலைக் குறுக்க குறுக்கப் போட்டு நடந்துச்சுன்னு இங்கிலாந்துல படமே வரைஞ்சாங்க, இடது கால் வலது பக்கம், வலது கால் இடது பக்கம்! 1925ல ஸோர்கெல் தான் பொறுமையா அளந்து பாத்து, அது கட்டை விரலே இல்ல, சுண்டு விரல் வெளிப்பக்கம் மடிஞ்சு நிக்குது, இது முதலை வம்சத்தோட பழைய உறவு, உடம்பைத் தரையில இழுக்காம காலை நேரா ஊன்றி நடந்ததுன்னு சொன்னாரு. எலும்பு ஒண்ணு கூட கையில இல்லாம. 1965ல க்ரெப்ஸ் சுவிட்சர்லாந்து மான்ட்டே சான் ஜார்ஜியோவுல கிடைச்ச டிசினோசூக்கஸ் எலும்புக்கூட்டை விவரிச்சப்போ கால் அமைப்பு அப்படியே பொருந்திப் போச்சு. ஸோர்கெலைப் பத்தி யாரும் பெருசா பேசறதில்ல, எனக்கு அதுல வருத்தம் தான்.

ஆமைக்காரி:

கடலும் உப்பும் போதும், கொய்பருக்கு வாங்கப்பா! வ்யூர்ட்டம்பெர்க்ல விஷயமே அங்க தான் இருக்கு.

முஷெல்கால்க் கடல் பின்வாங்கினதும் அந்த இடம் சதுப்பு, ஏரி, உவர்த்தண்ணின்னு ஆச்சு, அது தான் கீழ் கொய்பர். 1977ல குப்ஃபர்ட்ஸெல் கிட்ட ஏ6 நெடுஞ்சாலை போட மண்ணை வெட்டினப்போ ஆயிரக்கணக்குல எலும்பு வெளிய வந்துச்சு, ரோடு வேலை நெருக்க நெருக்க மியூசியம் ஆட்கள் அள்ளினாங்க. முக்கியமா மாஸ்டடான்சாரஸ்ங்கற ராட்சச நீர்நில வாழ்வி, அஞ்சாறு மீட்டர் நீளம், தலை மட்டுமே ஒரு மீட்டருக்கு மேல. நெக்கர்கரையான் தம்பி, ஸ்டுட்கார்ட் மியூசியத்துல அந்த மண்டையோட்டைத் திரும்பப் பாத்தீங்கன்னா மூக்குக்கு முன்னாடி ரெண்டு ஓட்டை இருக்கும் பாருங்க, அது மூக்குத் துவாரம் இல்ல. கீழ்த்தாடைக் கோரைப்பல் அவ்வளவு பெருசு, வாயை மூடினா அந்த ஓட்டை வழியா மேல வந்துடும். 1828ல யேகர் இதோட ஒரு பல்லைப் பாத்து ஊர்வனன்னு நினைச்சு ஒரு பேரு, மண்டையோட்டுப் பின்பக்கத்தைப் பாத்து நீர்நில வாழ்வின்னு இன்னொரு பேரு வச்சாரு, ரெண்டும் ஒரே மிருகம்னு அப்புறம் தான் தெரிஞ்சுது. பின்பக்கத்தைப் பாத்து சொன்னது தான் சரி, முதுகெலும்போட சேர்ற முண்டு ரெண்டு இருக்கும், தவளைக்கும் அப்படித் தான்.

அப்புறம் என் ஆளு. வெல்பெர்க் குவாரியில கிடைச்ச பாப்போகெலிஸ், 2015ல ஷோக், சூஸ் ரெண்டு பேரும் வெளியிட்டாங்க, 24 கோடி வருஷம் பழசு. ஒரு சாண் நீளப் பிராணி, பாத்தா பல்லி, ஓடு கிடையாது, ஆனா விலா எலும்பு அகலமா தட்டையா இருக்கு, வயித்துப் பக்க எலும்புங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்ட ஆரம்பிச்சிருக்கு. அதே வ்யூர்ட்டம்பெர்க்ல மேல் கொய்பருக்கு வந்தா ப்ரோகனோகெலிஸ், முழு ஓடு போட்ட ஆமை, தாடையில பல்லு போயிடுச்சு, ஆனா மேலண்ணத்துல இன்னும் மிச்சம் இருக்கு. நடுவுல உள்ள கட்டம், வயித்து ஓடு மட்டும் உள்ள ஒடான்டோகெலிஸ், சீனாவுல குய்ஜோவுல 2008ல வந்துச்சு. ஓடு முதல்ல வயித்துல இருந்து ஆரம்பிச்சுதுங்கறதுக்கு இதை விட நல்ல வரிசை வேணுமா?

டைனோசர் வேணும்னா ட்ராஸிங்கன் ஊர்ல கிடைச்ச ப்ளேட்டியோசாரஸ். 1911ல இருந்து ஃப்ராஸ், அப்புறம் ஹ்யூனே, 1932ல ஸீமான்னு மூணு தடவை பெரிய தோண்டல் நடந்துச்சு. வறட்சியில தண்ணி தேடிப் போன கூட்டம் மொத்தமா செத்துச்சுன்னு பழைய கதை ஒண்ணு உண்டு, டாக்குமெண்டரி எல்லாம் அதைத் தான் காட்டும்.

மணல்மேடு:

அக்கா, அது பொய்யா? நான் சின்ன வயசுல இருந்து அப்படித் தானே நம்பிட்டு இருக்கேன்.

ஆமைக்காரி:

பொய்யின்னு இல்ல மேடு, எலும்பு கிடக்கற விதம் வேற சொல்லுது. 1992ல ஸாண்டர் எல்லாத்தையும் திரும்ப அலசினாரு. நிறைய எலும்புக்கூட்டுல பின்னங்கால் மட்டும் ஆழத்துல நேரா நிக்கற மாதிரி புதைஞ்சிருக்கு, உடம்போட மேல்பாகம் கலைஞ்சு சிதறிக் கிடக்கு, பக்கத்துல மாமிசம் தின்னற மிருகங்களோட உதிர்ந்த பல்லு. குட்டிங்க கிட்டத்தட்ட இல்லவே இல்ல. கூட்டமா செத்திருந்தா குட்டியும் சேர்ந்துல்ல செத்திருக்கணும். களிமண் ஈரமா இருந்தப்போ கனமான பெரிய மிருகம் காலை விட்டுச்சு, எடுக்க முடியல, அவ்வளவு தான். லேசான குட்டிக்கு அந்த மண்ணு தாங்கிடும். ஒரே நாள்ல நடந்ததில்ல, ஒண்ணொண்ணா வெவ்வேற காலத்துல மாட்டினது. சுவிட்சர்லாந்து ஃப்ரிக்ல உள்ள களிமண் குழியிலயும், வடக்க ஹால்பெர்ஷ்டட்லயும் இதே கதை தான் ஓடுது.

நெக்கர்கரையான்:

அக்கா, அந்தக் களிமண்ணு இப்பவும் ஆபத்தா? சிரிக்காதீங்க, ஸ்டுட்கார்ட் பக்கம் மலைச்சரிவுல ஒரு வீடு பாத்துட்டு இருக்கோம், வீட்டம்மாவுக்குப் பிடிச்சுப் போச்சு, தரகர் கொய்பர் மண்ணுன்னு பெருமையா சொன்னாரு.

கல்லுளிமங்கன்:

சிரிக்கல தம்பி, இதை சீரியஸா எடுத்துக்கங்க. ப்ளேட்டியோசாரஸ் மாட்டின அந்த அடுக்கோட பழைய பேரு க்னாலன்மெர்கல், அது இன்னிக்கும் நனைஞ்சா வீங்கும், சரிவுல இருந்தா வழியும். புல்வெளி மேடும் பள்ளமுமா அலை அலையா இருந்து, பழ மரமெல்லாம் ஆளுக்கொரு பக்கம் சாய்ஞ்சு நின்னா அங்க நிலம் நகர்ந்துட்டு இருக்குன்னு அர்த்தம்.

கொய்பர்ல இன்னொரு வில்லன் கீழ உள்ள ஜிப்சம் அடுக்கு. ஆழத்துல அது ஜிப்சமா இருக்காது, தண்ணி இல்லாத அன்ஹைட்ரைட்டா இருக்கும். தண்ணி பட்டா ஜிப்சமா மாறும், மாறும்போது கன அளவு அறுபது சதவீதம் வரைக்கும் கூடும். ஃப்ரைபுர்க் பக்கத்துல ஷ்டௌஃபன்னு ஒரு பழைய ஊரு, 2007ல நகர மன்றத்துக்குப் பின்னாடி பூமி வெப்பம் எடுக்க துளை போட்டாங்க, அழுத்தத்துல இருந்த நிலத்தடி நீர் அன்ஹைட்ரைட் அடுக்குக்குள்ள ஏறிடுச்சு. ஊரே மேல எழும்ப ஆரம்பிச்சு 250க்கு மேல கட்டடத்துல விரிசல். ஸ்டுட்கார்ட்ல ரயில் சுரங்கப்பாதை வெட்டறப்போ இந்த அடுக்குக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி போயிடக் கூடாதுன்னு அவ்வளவு மெனக்கெட்டதுக்கும் இது தான் காரணம்.

அதுக்காக கொய்பர் மேல வீடே கட்டக் கூடாதுன்னு இல்ல, ஸ்டுட்கார்ட் பாதி அதுல தான் நிக்குது. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி மண் பரிசோதனை அறிக்கை கேளுங்க, மாநில ஜியாலஜி துறை வரைபடத்துல அந்த மனை எந்த அடுக்குல வருதுன்னு பாருங்க, தரகர் வாய் வார்த்தையை நம்பாதீங்க. பக்கத்து வீட்டு சுவர்ல கோணல் விரிசல் இருக்கான்னு ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாங்க.

நெக்கர்கரையான்:

கண்டிப்பா அண்ணே. கடைசியா ஒண்ணு, என் பையன் ஒரு வயல் ஓரத்துல இருந்து சின்ன வட்ட வில்லை பொறுக்கிட்டு வந்தான், சட்டை பட்டன் அளவு இருக்கும், நடுவுல ஓட்டை, சுத்தி கதிர் கதிரா கோடு. இது என்ன, இப்படி பொறுக்கலாமா?

வோஜ்_மலையான்:

அது மேல மங்கன் அண்ணன் சொன்ன கடல் அல்லியோட தண்டு வில்லை தான், என்க்ரைனஸ். கதிர்க் கோடு ஒரு வில்லையும் அடுத்த வில்லையும் பிடிச்சு நிக்கறதுக்கு, ஓட்டை உள்ள நரம்பு போறதுக்கு. ஜெர்மனியில கிராமத்து ஆளுங்க இதை புனித போனிஃபாஸ் காசுன்னு சொல்லுவாங்க. பையனை ஒரு கைக்கண்ணாடி வச்சு உடைஞ்ச பக்கத்தைப் பாக்கச் சொல்லுங்க, கண்ணாடி மாதிரி பளபளன்னு சாய்வா உடைஞ்சிருக்கும், ஒவ்வொரு வில்லையும் ஒரே கால்சைட் படிகம், எல்லா நட்சத்திர மீன் வகையறாவும் இப்படித் தான்.

ஆமைக்காரி:

உழுத வயல்ல மேல கிடக்கறதை, வயல்காரர் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்தா பிரச்சனை வராது. ஹெஸிக்ஹைம் பாறை இயற்கைப் பாதுகாப்புப் பகுதி, அங்க சுத்தியல் எடுக்கவே கூடாது. குவாரிக்குள்ள அனுமதி இல்லாம போகாதீங்க, மேல இருந்து கல்லு எப்போ விழும்னு தெரியாது. எலும்போ மண்டையோடோ மாதிரி ஏதாவது தெரிஞ்சா தோண்டாம படம் எடுத்து ஸ்டுட்கார்ட் மியூசியத்துக்கு அனுப்புங்க, சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் வேற, பாடன் வ்யூர்ட்டம்பெர்க்ல அறிவியல் மதிப்புள்ளது அரசுக்குத் தான் போகும்.

பையனுக்கு ஆர்வம் இருந்தா இங்கெல்ஃபிங்கன்ல முஷெல்கால்க் மியூசியம்னே தனியா இருக்கு, உங்க ஊர்ல இருந்து கிட்டக்க தான், முழு கடல் அல்லி தலையோட தண்டோட அங்க பாக்கலாம். அந்த வில்லையை ஒரு சின்ன டப்பாவுல போட்டு, எந்த ஊரு, எந்த வயல், என்னிக்கு எடுத்ததுன்னு ஒரு துண்டுச் சீட்டு எழுதி உள்ள வைக்கச் சொல்லுங்க, சீட்டு இல்லாத ஃபாசில் எவ்வளவு அழகா இருந்தாலும் எங்களுக்கு உபயோகமில்ல.